மழை ‘ஸ்ட்ராங்’ இல்லையாம், ‘ஹெவி’யாம்: ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் அகராதியோடு மூன்று மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இங்கிலீஷ் டீச்சர் கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதுதான் பதினோரு வருடமாக வேலை. அந்த ஒரே காரணத்துக்காக வீட்டில் யாருக்கு இங்கிலீஷில் என்ன வேண்டுமென்றாலும் என் தலையில்தான் வந்து விடியும். இந்தத் தடவை வந்தது அக்கா மகள். ஒன்பதாவது படிக்கிறாள், கேம்பிரிட்ஜ் பி1 ப்ரிலிமினரி என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுதப்போகிறாள், “சித்தி, கதை மட்டும் பார்த்துக் குடுங்க, மத்ததெல்லாம் நானே பார்த்துக்குவேன்” என்று ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அந்தத் தேர்வைத் தெரியாதவர்களுக்காக: எழுத்துத் தாளுக்கு 45 நிமிடம், இரண்டே கேள்வி. முதலாவது ஒரு மெயில். இரண்டாவதில் கட்டுரை அல்லது கதை, ஏதாவது ஒன்று. இரண்டுமே சுமார் 100 சொல். கதைக்கு முதல் வரியை அவர்களே கொடுத்துவிடுவார்கள், மிச்சத்தை நாம் நீட்ட வேண்டும். நம் ஸ்டேட் போர்டு ஹின்ட்ஸ் டெவலப்மென்ட்டில் எலும்புக்கூடு மொத்தத்தையும் கொடுத்து சதை போடச் சொல்வார்கள் இல்லையா, இங்கே ஒரே ஒரு எலும்புதான்.

நோட்டைப் படித்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. இலக்கணப் பிழை என்று பார்த்தால் இரண்டோ மூன்றோதான். ஆனால் ஒவ்வொரு வரியைப் படிக்கும்போதும் அதற்கடியில் ஓடுகிற தமிழ் வரி எனக்குக் காதில் கேட்டது. ‘ஸ்ட்ராங் ரெயின் வாஸ் கமிங்.’ ‘சடன்லி கரண்ட் வென்ட்.’ ‘நாக்கிங் சவுண்ட் கேம்.’ ‘ஃபியர் கேம் டு மீ.’ இதில் எது தப்பு என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்ல? தப்பு இல்லை, ஆனால் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றேன். ஏன் என்றாள். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன்ஸ் அகராதியை வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியதே ஒரு கூத்து. ஆத்திரத்தில் முதலில் ஒரு நடைபாதைக் கடையில் சல்லிசாகக் கிடைத்ததே என்று ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜெராக்ஸ் அச்சு, பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது, ‘எஸ்’ வரிசையில் 32 பக்கம் ஒரு ஃபாரமாகவே காணோம். இங்கிலீஷில் ‘எஸ்’ இல்லாத அகராதி என்றால் அரிசி இல்லாத மளிகை லிஸ்ட் மாதிரி. அப்புறம் ஒழுங்காக ஆன்லைனில் இரண்டாம் பதிப்பை வாங்கினேன். இது 2009இல் வந்தது, முதல் பதிப்பு 2002. கூட ஒரு சிடி வைத்திருக்கிறார்கள், அதைப் போட்டுப் பார்க்க எங்கள் வீட்டில் எந்த கம்ப்யூட்டரிலும் வாய் இல்லை. வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள், அட்டையில் சின்னதாகத்தான் இருக்கும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? அர்த்தம் இருக்காது. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் அகராதி என்ற பெயரைப் பார்த்துவிட்டு அர்த்தம் தேடி வாங்கிவிட்டு ஒரு ஸ்டார் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு சொல்லோடு எந்தெந்தச் சொல் வந்து உட்காரும் என்பதை மட்டும்தான் இது சொல்லும். அதற்குத்தான் கொலொகேஷன் என்று பெயர். மொத்தம் இரண்டரை லட்சம் சேர்க்கைகள், 75,000 எடுத்துக்காட்டு வாக்கியங்கள். யாரோ நான்கு புரொஃபசர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியது அல்ல. முதல் பதிப்புக்கு 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், இரண்டாவதுக்கு கிட்டத்தட்ட 200 கோடி சொற்கள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் கார்ப்பஸ் என்று, உண்மையில் ஜனங்கள் எழுதிய எழுத்தைக் குவித்து வைத்து எண்ணிப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

அக்கா மகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அவளே சட்டென்று பிடித்துவிட்டாள். “மரபுப் பிழை மாதிரியா சித்தி?” அட, அதேதான். ஆறாவது ஏழாவதில் தமிழய்யா மனப்பாடம் பண்ண வைத்தாரே, கூடை முடை, பாய் பின்னு, கூரை வேய், சுவர் எழுப்பு. கூடையைப் பின்னினான் என்று எழுதினால் புரியாமல் போய்விடுமா? புரியும். ஆனாலும் மார்க் போய்விடும். கோலம் வரைந்தேன் என்று ஒருத்தி சொன்னால் அவள் வாசலில் புள்ளி வைத்தே பழக்கமில்லாதவள் என்று உடனே தெரிந்துவிடாதா? கோலம் போடுவோம், தோசை வார்ப்போம் அல்லது சுடுவோம், சோறு வடிப்போம், தலை சீவுவோம். ஏன் என்று கேட்டால் நமக்கும் தெரியாது. இங்கிலீஷ்காரனுக்கும் ஹெவி ரெயின் ஏன் ஹெவி என்று தெரியாது. ஜே. ஆர். ஃபர்த் என்கிற பிரிட்டிஷ் மொழியியலாளர், ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதை வைத்துத்தான் அறிய முடியும் என்று 1957இல் எழுதினார், அந்த யோசனைதான் இந்த மாதிரிப் புத்தகங்களுக்கெல்லாம் அடிப்படை என்பார்கள். ஆனால் அதற்கும் முன்னாலேயே, 1933இல், டோக்கியோவில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் முறையை ஆராய்கிற வேலையில் இருந்த ஹெரால்டு பாமர் இந்தச் சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கையே போட்டிருக்கிறார். வெளியே இருந்து கற்கிறவனுக்குத்தான் இந்தத் தொல்லை, அதனால் வெளியூரில் இருந்துதான் ஆரம்பித்திருக்கிறது.

கதைக்கு வருவோம். கொடுத்த முதல் வரி, அன்று மாலை நான் வீட்டில் தனியாக இருந்தேன் என்பது. இவள் கதையில் வெளியே மழை, கரண்ட் போகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பயம், திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்துக்கொண்டு சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறாள், தீப்பெட்டி நமத்துப்போயிருக்கிறது, பாட்டி தலையில் அடித்துக்கொள்கிறாள், இரண்டு பேரும் இருட்டில் சிரிக்கிறார்கள். நல்ல கதை. எனக்குப் பிடித்திருந்தது. நூறு சொல்லுக்குள் இதைவிட என்ன வேண்டும்.

முதலில் ‘ரெயின்’ எடுத்தோம். பெயர்ச்சொல்லைப் பிடித்துத்தான் இந்தப் புத்தகத்துக்குள் நுழைய வேண்டும், அதுதான் இதன் முறை. மழை என்று நமக்குத் தெரியும், அதற்கு முன்னால் என்ன அடைமொழி, பின்னால் என்ன வினை என்றுதானே தெரியாது. பெயருக்குக் கீழே முதலில் அடைமொழிகள், அப்புறம் அளவுச் சொற்கள், இந்தப் பெயரை என்ன செய்யலாம் என்கிற வினைகள், இந்தப் பெயர் என்ன செய்யும் என்கிற வினைகள், கடைசியில் முன்னிடைச்சொற்கள், தொடர்கள் என்று வரிசையாகக் கட்டம் பிரித்திருக்கிறார்கள். ஒரே மாதிரி அர்த்தம் கொண்டவற்றைச் சேர்த்து வைத்து, அர்த்தம் மாறுகிற இடத்தில் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு. ரெயினுக்கு ஹெவி, பௌரிங், டொரென்ஷியல் ஒரு பக்கம், லைட் இன்னொரு பக்கம். ஸ்ட்ராங் இல்லவே இல்லை. ‘விண்ட்’ எடுத்துப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருக்கிறது ஸ்ட்ராங்.

இங்கேதான் அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. வானிலை அறிக்கையில் நாம் பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் ஒரே ‘பலத்த’ போடுகிறோம். அதனால் இங்கிலீஷிலும் இரண்டுக்கும் ஸ்ட்ராங் போட்டுவிடுகிறது கை. வேடிக்கை என்னவென்றால் நம்மிடமே கனமழை என்று இன்னொன்று இருக்கிறது. அதை நினைத்து எழுதியிருந்தால் ஹெவி தானாக வந்திருக்கும்!

அப்புறம் ‘கரண்ட்’. இதில் அகராதி எங்களை நன்றாகவே சுற்றலில் விட்டது. கரண்ட் என்று தேடினால் ஆற்று நீரோட்டம், எதிர்நீச்சல், அப்புறம் இயற்பியல் புத்தகத்து மின்னோட்டம். நம் வீட்டுக் கரண்ட் அங்கே இல்லை. தப்பு அகராதியுடையது அல்ல, நாம் தேடிய சொல்லே அந்த ஊரில் அந்த வேலைக்கு இல்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு ‘லைட்’ எடுத்துப் பார்க்கச் சொன்னேன். லைட் என்ன செய்யும் என்கிற வரிசையில் கம் ஆன், கோ அவுட், ஃப்ளிக்கர் என்று இருந்தது. ‘த லைட்ஸ் ஃப்ளிக்கர்டு அண்ட் வென்ட் அவுட்’ என்று எழுதினாள். கரண்ட் போவதற்கு முன்னால் ஒரு தரம் மினுக்கென்று துடிக்குமே, அது அவள் முதலில் எழுதியதில் இல்லை. தேடப்போன இடத்தில் கிடைத்தது. பிழை திருத்தப் போய்க் கதையே ஒரு படி நன்றாகிவிட்டது.

தட்டும் சத்தம் வந்தது என்பதற்கு ‘நாக்’ என்ற பெயர்ச்சொல்லிலேயே வழி இருந்தது, ‘தேர் வாஸ் எ நாக் அட் த டோர்’. சவுண்ட் என்ற சொல்லே வேண்டாம், தட்டல் என்றாலே சத்தம்தானே. அடுத்து ‘டோர்’. கதவைத் திறக்கலாம், மூடலாம், அறைந்து சாத்தலாம், எல்லாம் எதிர்பார்த்ததுதான், நடுவில் ‘ஆன்ஸர்’ என்று ஒன்று. கதவுக்குப் பதில் சொல்வதா? யாரோ தட்டினால் போய்த் திறப்பதற்கு அதுதானாம். இதை அவளோ நானோ நூறு வருடம் யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். பதினோரு வருடமாக வெள்ளைக்காரனுக்கு மெயில் எழுதுகிறேன், கதவைப் பற்றி எழுத வாய்ப்பே வந்ததில்லை.

இதுவரைக்கும் பாராட்டு. இனி இதில் சறுக்குகிற இடம்.

‘ஃபியர் கேம் டு மீ.’ நமக்குப் பயம் வரும், கோபம் வரும், தூக்கம் வரும், சிரிப்பு வரும். எல்லாம் வெளியே எங்கேயோ இருந்து பஸ் ஏறி நம்மிடம் வரும். நாம் சும்மா ‘எனக்கு’ என்று உட்கார்ந்திருப்போம். இவள் ஒழுங்கான பிள்ளையாக ‘ஃபியர்’ எடுத்தாள், அதுவும் வரிசை வரிசையாகக் கொடுத்தது, அதில் ‘கிரிப்’ கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ‘ஃபியர் கிரிப்டு மீ.’ சரியான இங்கிலீஷ்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி மெழுகுவர்த்தி கொண்டுவருகிற கதைக்கு இது பேய்ப் படத்து பின்னணி இசை மாதிரி இருக்கிறது. பதினான்கு வயதுப் பெண் சொல்கிற கதையில் ‘ஐ வாஸ் ஸ்கேர்டு’ போதும். ஆனால் அகராதி அதைத் தானாகச் சொல்லாது. நாம் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு ‘ஸ்கேர்டு’ என்ற உரிச்சொல்லுக்குப் போய்ப் பார்த்தால்தான் பி, ஃபீல், கெட் என்று எளிமையான வினைகள் கிடைக்கும். நம் மொழியில் உணர்ச்சி பெயர்ச்சொல்லாக நிற்கிறது, அங்கே பெரும்பாலும் உரிச்சொல்லாக நிற்கிறது, பெயர்ச்சொல் வாசல் வழியாகப் போகிற தமிழ்ப் பிள்ளை கனமான அறைக்குள்தான் போய் விழும். இதை எந்த முன்னுரையும் சொல்லவில்லை, நாங்களே முட்டிமோதிக் கண்டுபிடித்தது.

மழையிலும் இதே கதைதான். பெயர்ச்சொல்லில் நின்றால் ‘தேர் வாஸ் ஹெவி ரெயின்’ வரைக்கும் வரலாம். ‘ரெயின்’ வினையாக இருக்கிற பதிவைப் பார்த்தால் ஹார்ட், ஹெவிலி என்று இருக்கும், அப்போது ‘இட் வாஸ் ரெயினிங் ஹார்ட்’ என்று வாயில் வருகிற மாதிரி ஒரு வாக்கியம் அமையும். (இவள் அதை முதலில் ஹார்ட்லி என்று எழுதினாள். ‘லி’ சேர்த்தால் நல்ல இங்கிலீஷ் என்று ஒரு நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. ரெயினிங் ஹார்ட்லி என்றால் மழையே பெய்யவில்லை என்கிற பக்கம் போய்விடும்.)

இன்னொரு ஓட்டை, இது பெரிசு. தட்டுவது யார் என்று சந்தேகம் வந்தது என்பதை ‘ஐ ஹாட் எ டவுட்’ என்று எழுதியிருந்தாள். ‘டவுட்’ எடுத்தால் அங்கே ‘ஹேவ்’ ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அகராதியே சரி என்கிறதே சித்தி என்றாள். ஹேவ் என்பதும் டவுட் என்பதும் சேரும்தான், ஆனால் அங்கே டவுட் என்றால் நம்பிக்கைக் குறைவு, நம் கிளாஸ்ரூமில் கையைத் தூக்கி ‘சார் டவுட்டு’ என்கிற டவுட் அல்ல. யாராக இருக்கும் என்று யோசித்தேன் என்பதற்கு ‘ஐ வொண்டர்டு ஹூ இட் வாஸ்’ என்று வேறு சொல்லுக்கே போக வேண்டும். சேர்க்கை சரியாக இருந்து சொல்லே தவறாக இருந்தால் இந்தப் புத்தகம் சும்மா தலையாட்டும். பக்கத்தில் அர்த்தம் சொல்கிற இன்னொரு அகராதியோ விவரம் தெரிந்த ஆளோ இல்லாமல் இதை மட்டும் ஒரு பிள்ளை கையில் கொடுப்பதில் பிரயோஜனம் பாதிதான். காலம் பற்றியும் வாயே திறக்காது. வாஸ் ஸ்டாண்டிங், வாஸ் லுக்கிங், வாஸ் திங்கிங் என்று வரிக்கு வரி ‘இங்’ போட்டு இழுப்பதை நான்தான் உட்கார்ந்து வெட்டினேன்.

பாட்டி தலையில் அடித்துக்கொண்ட இடம் கடைசி வரை தீரவில்லை. ‘ஷீ பீட் ஹெர் ஹெட்’ என்றால் ஏதோ கலவரம் மாதிரி இருக்கிறது. ‘ஹெட்’ பதிவில் ஷேக், நாட், ஸ்க்ராட்ச் எல்லாம் உண்டு, அவள் ‘ஷுக் ஹெர் ஹெட்’ போட்டுவிடலாமா என்று கேட்டாள். நான் கூடாது என்றேன். எங்கள் தெருப் பாட்டி தலையை ஆட்டமாட்டாள், நெற்றியில் ஒரு போடு போட்டுக்கொண்டு ‘அட கர்மமே’ என்பாள். அந்தக் கதையில் உயிரே அதுதான். கடைசியில் உள்ளங்கையால் நெற்றியில் தட்டிக்கொண்டாள் என்று அப்படியே விவரித்து எழுதினோம், ‘ஸ்லாப்டு ஹெர் ஃபோர்ஹெட்’. வரியை இங்கிலீஷ் ஆக்கலாம், பாட்டியை இங்கிலீஷ்காரி ஆக்க வேண்டியதில்லை.

இலவசமாக எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ‘ஸ்கெல்’ என்று ஒரு தளம், ஸ்கெட்ச் எஞ்சின் என்கிற கார்ப்பஸ் மென்பொருள்காரர்களுடையது, ஒரு சொல்லைப் போட்டால் அதன் சேர்க்கைகளையும் நாற்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் கொட்டும். காசு கிடையாது. எடுத்துக்காட்டு பார்க்க அதுதான் வேகம். ஆனால் வாக்கியங்கள் செய்தியும் அறிவியலும் கலந்து வரும், ஒன்பதாவது பிள்ளைக்குப் பாதி புரியாது. சும்மா கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவதை நம்பாதீர்கள், நம்மைப் போல உலகம் முழுக்க லட்சம் பேர் எழுதி வைத்திருப்பார்கள், எல்லாமே கிடைக்கும். ஏஐயிடம் கொடுத்தும் ஒரு தரம் பார்த்தோம். மூன்று விநாடியில் மொத்தக் கதையையும் பளபளவென்று மாற்றிக் கொடுத்தது, அவள் “நல்லா இருக்கு சித்தி” என்று மூடி வைத்துவிட்டாள், மறுநாள் கேட்டால் ஒரு வரி நினைவில்லை. பரீட்சை ஹாலுக்குள் ஏஐயும் வராது, இந்த அகராதியும் வராது. பக்கம் புரட்டி, தப்பான பதிவுக்குப் போய், திரும்பி வந்து கண்டுபிடித்த ‘ஆன்ஸர் த டோர்’ மட்டும் இன்றைக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. எழுதுவதற்கு முன்னால் இதைத் திறக்காதீர்கள். ஆரம்பத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு வரிக்கு மூன்று தரம் புரட்டி, ஒரு மணி நேரத்தில் நான்கு வரி, அதுவும் டை கட்டிய கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக. இப்போது முழுக் கதையையும் மனதில் வந்தபடி எழுதச் சொல்கிறேன், அப்புறம் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் பென்சிலில் கோடு, சந்தேகம் இருக்கிற நான்கைந்தை மட்டும் பார்ப்பது. வாரம் ஒரு கதை, இருபது நிமிடம் அகராதி. பன்னிரண்டு கதை ஆகிவிட்டது.

வாக்கியம் அமைக்கவே திணறுகிறவர்களுக்கு இது வேண்டாம், காசு வீண், மிரண்டுவிடுவார்கள். தப்பில்லாமல் எழுத வருகிறது, ஆனால் படித்தால் எங்கேயோ இடிக்கிறது என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றைக் குறைத்தது அர்த்தம் தராததற்கும், மழையோடு வருகிற வினைகளில் ‘லாஷ்’ என்பதற்கும் ‘பெல்ட் டவுன்’ என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எங்களை அம்போவென்று விட்டதற்கும். எழுத்தும் பொடி. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒன்று நடந்தது. அந்த முதல் கதையைத் திரும்ப எடுத்து சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தாள், பாட்டி சொட்டச் சொட்ட நனைந்து நின்ற வரியை மட்டும் அடித்துவிட்டு ‘வெரி வெட்’ என்று போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “முதல்ல ட்ரிப்பிங் வெட்னுதான் எழுதினேன் சித்தி. சொட்டச் சொட்டங்கறதை அப்படியே தமிழ்ல இருந்து எடுத்துப் போட்ட மாதிரி இருந்துச்சு, தப்பாத்தான் இருக்கும்னு அடிச்சிட்டேன்.” மூன்று மாதமாக நான் செய்த வேலையின் லட்சணம், தமிழ் வாசனை அடித்தாலே தப்பு என்று பிள்ளை பயப்படுகிறது. ‘வெட்’ எடு என்றேன். எடுத்தாள். சோக்கிங், சாப்பிங் என்கிற வரிசையில் ட்ரிப்பிங்கும் இருந்தது. விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் ‘வெரி’யை அடித்துவிட்டு மேலே பழையபடி எழுதினாள்.